இடது கன்னத்தைத் தொடாதே

பிள்ளைகளே, எங்கள் நாய்க்கென்று தனியாக ஒரு பேர் நிலைக்கவில்லை. என் மனைவி ஒன்று சொல்லிக் கூப்பிடுவாள், மகள் இன்னொன்று சொல்லுவாள், நான் விசிலடிப்பேன். எதற்கும் வரும். அதனால் இங்கே நாய் என்றே எழுதுகிறேன். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். நல்லூரில் என் மனைவியின் அண்ணன் கொல்லையில் பிறந்த குட்டி. எங்களிடம் வந்து ஐந்து வருஷமாக ஒரு கோழியைக்கூடத் துரத்தியதில்லை.

அது முதல்முறை உறுமியது என்னைப் பார்த்துத்தான். வேலை முடிந்து வந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்தேன். குனிந்தபடியே வழக்கம்போல அதன் கன்னத்தில் செல்லமாகத் தட்டினேன். சட்டென்று உதடு மேலே ஏறி, பல்லெல்லாம் தெரிந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னாடா, எனக்கேவா?" என்று கேட்டேன். கையை எடுக்கும்வரை அது உறுமலை நிறுத்தவில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சோறு தின்னும்போது ஏன் நோண்டுறீங்க? ஒங்கள யாராவது நோண்டுனா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் எங்கள் வீடு. நான் பத்தாவது வரைக்கும் படித்துவிட்டு ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குப் போனவன். பியூஸ் கட்டை, மின்கம்பி தாங்குகிற பீங்கான் உருளை, இதெல்லாம் செய்கிறோம். சூளையிலிருந்து இறக்கும்போது நாலு விரிசல் விட்டிருக்கும், நாலு கோணியிருக்கும். அதெல்லாம் ரிஜெக்ட். வெளியே குவித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் தெரு சேறாகிவிட்டால் அந்தக் குவியலிலிருந்துதான் அள்ளி வந்து வாசலில் கொட்டுவோம். பிள்ளைகள் பாண்டி ஆட சில்லு அதிலிருந்துதான். கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுப்பதும் அதுதான். எங்கள் தெருவில் நாய்க்குப் பந்தும் அதுதான்.

எதிர்வீட்டு அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றுவது அவர்தான். சாயங்காலம் வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே எங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். அவர் சீட்டுக்கு அடியிலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு ரிஜெக்ட் உருளையை எடுத்து வீசுவார். நாய் தாவிப் பிடிக்கும். 'கடக்' என்று சத்தம் கேட்கும். தெருவே கை தட்டும். என் மகளும் வீசுவாள், நானும் வீசியிருக்கிறேன். அந்த உருளையை முன்னங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படுத்துக் கடித்துக்கொண்டே இருக்கும். "பீங்கானே தின்னுற நாய் நம்ம ஊர்லதான்" என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவோம்.

உறுமல் அந்த ஒரு நாளோடு போகவில்லை. பால் ஊற்ற வந்த அம்மாவைப் பார்த்து உறுமியது. எதிர்வீட்டு அண்ணனின் பேரன் வாலைத் தொடப் போனபோது திரும்பிக் காற்றைக் கடித்தது. 'டக்' என்று பல் மோதுகிற சத்தம் அவர் வாசலுக்குக் கேட்டிருக்கிறது.

"தம்பி, ஒன் நாய்க்கு என்னாவோ புடிச்சிருக்குது. கட்டி வையி" என்றார்.

"வெயிலுண்ணே. சரியாப் போயிடும்" என்றேன்.

என் மனைவி கண்ணுபட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய்ப் புகைக்கு நாங்கள் இருமினோம். நாய் தும்மிவிட்டு மறுபடியும் உறுமியது.

அப்புறம்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. மகள் அப்போது ஐந்தாவது படித்தாள். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்லுவது அவள் பழக்கம். அன்றும் பிடித்தாள். நான் உள்ளே சட்டை கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் கத்திய கத்தலில் ஓடி வந்தேன். அவளுடைய வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு பல் இறங்கியிருந்தது. ரத்தம் யூனிபார்மில் சொட்டிக்கொண்டிருந்தது. நாய் கட்டிலுக்கு அடியில் போய் நின்றுகொண்டு, எங்களைத்தான் பார்த்து உறுமியது, கடிபட்டது தான்தான் என்பதுபோல.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நாய் கடித்தால் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். லேசாகப் பல் பட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவவேண்டும். யூனிட்டில் ஒருமுறை முகாம் போட்டபோது இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், அது எனக்கு ஞாபகம் இருந்தது. மகளைத் தெருக்குழாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு அண்ணன் கையில் சுண்ணாம்போடு வந்தார். "தண்ணியில காட்டாத. சுண்ணாம்ப அப்பு. விஷம் ஏறாது."

"வேணாம்ணே."

"நான் சொல்றேன், நீ வேணாம்ங்குற. நாங்கல்லாம் நாய்க்கடி பாக்காதவங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்தார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். வேகமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. சுண்ணாம்பு அவர் சட்டையில் தெறித்தது. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. சட்டையை உதறிக்கொண்டு திரும்பிப் போனார். அதோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர்.

அரசு ஆஸ்பத்திரியில் கையில் ஒரு ஊசி, காயத்தைச் சுற்றியே இன்னொரு ஊசி. மகள் என் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாள். மிச்ச ஊசிகளுக்குச் சொன்ன தேதியில் தவறாமல் வரவேண்டும் என்றார் டாக்டர். "நாய் உங்களோடதா? அடிச்சுக் கொன்னுடாதீங்க. கட்டி வச்சுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துதுன்னா வெறி இல்லைன்னு தெரியும். செத்துப்போச்சுன்னா ஒடனே வந்து சொல்லுங்க" என்றார்.

வீடு திரும்பியபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எதிர்வீட்டு அண்ணன் கையில் இரும்புக் குழாய் இருந்தது. என் மனைவி கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றாள்.

"கதவத் தொறக்கச் சொல்லு. அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"டாக்டர் பத்து நாள் பாக்கச் சொல்லியிருக்காருண்ணே."

"எதுக்கு? இன்னும் எத்தினி பேரக் கடிக்கும்னு எண்ணிப் பாக்கவா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அவுரு பொண்ணவிட நாய்தான் பெருசு அவுருக்கு" என்றார். அதைச் சொன்னவர் என்னோடு ஒரே சூளையில் வேலை செய்தவர்.

மகளை இடுப்பில் வைத்தபடியே சொன்னேன்: "இத அடிச்சுப் போட்டுட்டா இதுக்கு வெறி இருந்துதா இல்லையான்னு யாரு சொல்லுவா? என் பொண்ணுக்குத்தான் தெரியணும். வேற யாருக்கும் இல்ல. தொட்டுப் பாருங்க."

கடைசி வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் யாரையும் அப்படி மிரட்டியவன் இல்லை. பிறகு அண்ணன் குழாயைத் தரையில் ஊன்றினார். "சரி, பத்து நாளு. அதுக்கப்புறம் அது இந்தத் தெருவுல இருக்கக் கூடாது. செத்தாலும் சரி, பொழச்சாலும் சரி. இருந்துதுன்னா ஒன்னக் கேக்க மாட்டேன்" என்றார்.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு நீளக் கயிற்றில் அதைக் கட்டினேன். கட்டுவதற்குள் என் சட்டைக் கையைக் கிழித்துவிட்டது. சோற்றைக் கழியால் தள்ளினேன். என்னைப் பார்த்ததும் உறுமும், நான் போன பிறகு தின்னும். அந்த நாட்களைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு ஒன்றுமில்லை. மதில் மேலாகக் கல் வந்து விழும். யார் போட்டது என்று எட்டிப் பார்த்தால் தெருவில் எல்லாரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பால்காரம்மா பாலைத் தெருமுனையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். யூனிட்டில் நான் டீ குடிக்கப் போனால் பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்திருப்பார், யாரோ மெதுவாகக் குரைத்துக் காட்டுவார்.

வீட்டிலும் அதே கதைதான். "இன்னும் எத்தினி நாளைக்கு அதுக்குச் சோறு வடிக்கணும்?" என்று கேட்டாள் என் மனைவி. "புள்ள தூக்கத்துல கையை ஒதறுது. அதப் பாத்தீங்களா? நீங்க நாயப் பாத்துக்கிட்டு இருங்க."

"அது நம்ம நாயி."

"நம்ம நாயி அன்னிக்கே செத்துப்போச்சு. இது வேற."

மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும் பின்பக்க ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாயையே பார்ப்பாள். பயமா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பத்து நாளும் போயிற்று. நாய் சாகவில்லை. டாக்டர் சொன்னபடி மகளுக்கு வெறிநோய்ப் பயம் நீங்கியது, அதுவரை தேதி வந்த ஊசிகளையும் போட்டிருந்தோம். அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையிலேயே நல்லூரிலிருந்து என் மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்கு, ஒரு நைலான் கயிறு. என் மனைவி போன் பண்ணியிருந்தாள்.

"மாப்ள, குட்டியக் குடுத்தவன் நான்தான். நானே எடுத்துக்குனு போறேன். ஒனக்குப் பாவம் வேணாம்."

"கொல்லைக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆடு மாடு கெடக்குற எடத்துல இதையா வுடுறது? சேத்தியாத்தோப்பு தாண்டி, ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுறேன். சந்தை கூடுற எடம். எதையாவது தின்னு பொழச்சுக்கும்."

அது பொழைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பக்கம் உறுமிக்கொண்டே பிச்சை எடுக்கிற நாய்க்கு எந்தச் சந்தையிலும் கல்லடிதான். ஆனாலும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாசலுக்கு எதிரே அண்ணன் தன் வண்டியைத் துடைக்கிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் வழியைக் காட்டினேன்.

மச்சான் கயிற்றைச் சுருக்குப் போட்டு நாயின் கழுத்தில் வீசினார். நாய் பாய்ந்தது, நான் கட்டியிருந்த கயிறு இழுத்துப் பிடித்தது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் அது நுரை தள்ளிக்கொண்டு நின்றது. மச்சான் சாக்கை விரித்து அதன் தலையில் கவிழ்த்து, இடது கன்னத்தோடு சேர்த்து அழுத்தினார்.

அப்போது வந்தது உறுமல் இல்லை. அது அலறியது. சின்னக் குழந்தை கதவிடுக்கில் விரல் நசுங்கினால் கத்துமே, அப்படி. மச்சான் சாக்கை விட்டுவிட்டார். உள்ளே என் மனைவி கையிலிருந்து என்னவோ விழுந்தது. நாய் எங்களைக் கடிக்க வரவில்லை. முகத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தது.

ஜன்னலிலிருந்து மகள் குரல் கேட்டது. "அப்பா, அது அந்தப் பக்கம் கடிச்சே திங்கறதில்ல."

"எந்தப் பக்கம்?"

"கடி வாங்குன கைக்கு நேரா இருந்த பக்கம். பிஸ்கட் போட்டா இந்தப் பக்கமா தள்ளிக்கும். அந்தப் பக்கம் வுழுந்துச்சுன்னா துப்பிடும். நான் தெனமும் பாக்குறேன்."

பிறகுதான் நான் அதன் முகத்தைப் பார்த்தேன். பத்து நாளாகப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. சாக்கில் ஒரு மஞ்சள் ஈரம். மச்சான் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீழு மாப்ள."

மாட்டாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பைக்கில் இதை வைத்துக்கொண்டு போக முடியாது. தெருவில் இருக்கிற ஒரே வண்டி எதிர்வீட்டு லோடு ஆட்டோ. போய் நின்றேன்.

"அண்ணே, நாய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும்."

துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தினார். "ஊசி போட்டு முடிச்சுடுவாங்களா?"

"சீக்கிரம் போகணும்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"அப்படின்னா வா. வண்டியில ரத்தம் கித்தம் பட்டுச்சு, நீதான் கழுவணும்" என்றார். அவர் வேகமாகக் கிளம்பியதைப் பார்த்தால் ஏதோ நல்ல காரியத்துக்குப் போவதுபோல இருந்தது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா அதன் வாயைப் பட்டித் துணியால் கட்டி, மயக்க ஊசி போட்டு, தலை சாய்ந்த பிறகு கட்டை அவிழ்த்துத் திறந்து பார்த்தார். கூடவே வந்திருந்த மச்சானும் எதிர்வீட்டு அண்ணனும் நானும் குனிந்து பார்த்தோம். மேல்தாடையின் பெரிய பல் நெடுக்குவாக்கில் பிளந்து நின்றது. அதைச் சுற்றி ஈறு கறுத்திருந்தது. மற்ற கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருந்தன.

"வேர் வரைக்கும் சீழ் புடிச்சுக் கண்ணுகிட்ட வந்திருக்குது. இத்தினி நாளா எப்படித் தாங்குச்சோ. யாரு மூஞ்சியத் தொட்டாலும் கடிக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டரம்மா. "அஞ்சு வயசு நாய்க்குப் பல்லு இப்படித் தேயாதே. என்னா கடிக்கக் குடுக்குறீங்க? கருங்கல்லா?"

"எலும்புதாம்மா" என்றார் மச்சான்.

"எலும்புல இப்படி ஆகாது."

எனக்கு அந்தச் சத்தம் காதில் கேட்டது. கடக். தினமும் சாயங்காலம், கை தட்டலுக்கு நடுவே, கடக். திரும்பி எதிர்வீட்டு அண்ணனைப் பார்த்தேன். பழி சொல்லிப் பார்க்கவில்லை, சும்மாதான் பார்த்தேன். அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"என்னை எதுக்குப் பாக்குற? நான் மட்டுந்தான் போட்டனா? ஒன் பொண்ணு போடல? நீ போடல? தெருவே போட்டுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலியேண்ணே."

"சொல்லிப்பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன், நாங்கள் செய்கிற பீங்கான் உருளை என்று. "பல்லவிட அது கெட்டியாச்சேங்க. செஞ்சுகிட்டு இருக்கிறவங்க நீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். சூளையில் வெந்த பீங்கானில் ஆணியால் கீறினால் ஆணிதான் தேயும் என்று வேலைக்குப் போன முதல் வாரமே தெரியும். வாயில் இருக்கும்போது அது பீங்கான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அது கல்லு மாதிரி, மண்ணு மாதிரி, கீழே கிடக்கிற பொருள்.

பல்லை எடுத்தார்கள். கழுவி என் உள்ளங்கையில் வைத்தார் டாக்டரம்மா. அப்படியே இன்னொன்றும் சொன்னார். "வலி போயிடும், கோவம் கொறையும். ஆனா கடிச்ச நாயிங்கறத மறந்துடாதீங்க. புள்ளைங்களோட தனியா வுடாதீங்க. வாயக் கட்டிட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க."

உயிரோடு இருக்கிற நாயைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது எதிர்வீட்டு அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்து திரும்பிப் பார்த்தார். "முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றார். வீடு வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. பள்ளம் மேடு எதையும் பார்க்காமல் ஓட்டினார். இறக்கி வைத்த பிறகு, "பேச்சு பேச்சா இருக்கணும் தம்பி. தெருவுல அது இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"தெருவுல இருக்காதுண்ணே. எங்க வூட்டுக் கொல்லையில இருக்கும்."

காறித் துப்பிவிட்டுப் போனார். மச்சான் சாக்கை மடித்துத் துவைக்கிற கல் மேல் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் மாப்ள. மறுபடியும் பல்லக் காட்டுச்சுன்னா போன் பண்ணு, வரேன்." சாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீக்கம் வடிந்தது. நாய் இரண்டு பக்கமும் தின்ன ஆரம்பித்தது. என்னைப் பார்த்து வால் ஆட்டுகிறது. ஆனால் தெருவில் ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் சாயங்காலம் வாயைக் கட்டுவதற்காக வாசல் பக்கம் கொண்டுவந்தேன், அதற்குள் லோடு ஆட்டோ சத்தம் கேட்டு என் கையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. வழியில் சேற்றில் கிடந்த ஒரு உருளையைக் கவ்விக்கொண்டு போய் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முன்னங்காலை நீட்டிக் குனிந்து காத்திருந்தது. எதிர்வீட்டு அண்ணன் இறங்கினார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். உருளையை எடுத்துச் சாக்கடையில் விட்டெறிந்தார்.

"இன்னொரு தபா எங்கிட்ட இதக் கொண்டாந்து வச்சுது, சொல்லிட்டேன், நல்லா இருக்காது" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் சீட்டுக்கு அடியில் உருளை எதுவும் கிடப்பதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் கொல்லைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பீங்கான் சில்லு ஒன்றை எடுத்து, கயிறு எவ்வளவு தூரம் எட்டும் என்று என்னை இழுத்துக் காட்டச் சொன்னாள். அதற்கு ஒரு முழம் தள்ளி சிமெண்டுத் தரையில் வளைவாக ஒரு கோடு கிழித்தாள். பாண்டி ஆடக் கிழிக்கிற மாதிரியேதான்.

"இதுக்கு அந்தாண்ட அது. இந்தாண்ட நான்" என்றாள்.

"இன்னும் கோவமா அது மேல?"

"கோவம் இல்லப்பா. வலிச்சுது. எனக்கும் வலிச்சுது."

தினமும் சாயங்காலம் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஸ்கூல் கதையைச் சொல்லுகிறாள். நாய் அந்தப் பக்கம் தலையை வைத்துக்கொண்டு கேட்கிறது. தழும்பு இருக்கிற கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொள்கிறாள், மற்றக் கையால் பிஸ்கட்டை வீசுகிறாள். மழையில் கோடு அழிந்தால் புதுச் சில்லு எடுத்து மறுபடியும் கிழிக்கிறாள். அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவள் கோடு.